மூடிய கதவும் மூன்று பாஸ்கலும்

ஃப்ளோரிடாவிலோ டெக்சாஸிலோ ஒரு புறநகர் வீட்டுக்குள் நுழைந்தால் ஏசிப் பெட்டி எதுவும் கண்ணில் படாது. இயந்திரம் அட்டிக்கிலோ (கூரைக்கும் உட்கூரைக்கும் நடுவிலுள்ள இடம்) ஒரு சின்ன அலமாரி அறையிலோ மறைந்திருக்கும். அங்கிருந்து கிளைகளாகப் பிரியும் டக்ட் குழாய்கள் ஒவ்வோர் அறையின் உட்கூரைக்கும் குளிர்ந்த காற்றைக் கொண்டுவந்து கொட்டும். அதைப் பார்ப்பவர்களுக்கு ஏசி என்பது காற்றை அனுப்பும் இயந்திரம் என்றே தோன்றும். உண்மையில் அது காற்றைச் சுற்றிவரச் செய்யும் இயந்திரம். அறைக்குள் எவ்வளவு காற்றை அனுப்புகிறதோ, அதே நொடியில் அதே அளவு காற்றை வீட்டிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்கிறது. அப்படித் திரும்பி வரும் காற்றுக்குப் பல வீடுகளில் ஒரே ஒரு வாசல்தான் இருக்கிறது: நடைவழியின் சுவரிலோ உட்கூரையிலோ பதித்த ஒரு பெரிய கிரில். படுக்கையறைகளில் காற்று நுழைய வழி இருக்கும், வெளியேறத் தனி வழி இருக்காது. கதவுதான் அந்த வழி. கதவு திறந்திருக்கும் பகல் பொழுதில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இரவில் வீட்டார் கதவைச் சாத்திக்கொண்டு படுத்ததும் சிக்கல் தொடங்குகிறது.

நம்மூர் ஸ்பிளிட் ஏசிக்கு இந்தச் சிக்கல் கிடையாது. அது ஓர் அறையின் காற்றை உறிஞ்சி, குளிர்வித்து, அதே அறைக்குள் விடுகிறது. அறை மூடியிருந்தாலும் உள்ளே அழுத்தம் மாறுவதில்லை. வீடு முழுவதற்கும் ஒரே விசிறி, பல அறைகளுக்கு ஒரே திரும்பும் வாசல் என்ற அமைப்பில்தான் கதவு ஒரு வால்வாகிவிடுகிறது. கதவைச் சாத்துவது குழாயின் நடுவில் வால்வைத் திருகுவதற்குச் சமம்.

கொஞ்சம் கணக்குப் போட்டால் இதன் தீவிரம் புரியும். 12 அடிக்கு 12 அடி, 8 அடி உயரமுள்ள ஒரு படுக்கையறைக்கு நிமிடத்துக்கு 120 கன அடி காற்று தேவை என்று வைத்துக்கொள்வோம். நொடிக்குச் சுமார் 57 லிட்டர். விசிறி நிற்காமல் ஓடினால் பத்து நிமிடத்துக்குள் அறையின் மொத்தக் கொள்ளளவுக்குச் சமமான காற்று உள்ளே வந்துவிடும். அவ்வளவும் வெளியேறியாக வேண்டும். கதவு சாத்தியிருக்கும்போது அதற்கிருக்கும் முறையான வழி, கதவின் அடிப்பலகைக்கும் கார்ப்பெட்டுக்கும் இடையிலான இடுக்கு மட்டுமே. 75 செ.மீ. அகலக் கதவில் அந்த இடுக்கு ஒன்றேகால் செ.மீ. இருந்தால் பரப்பு ஏறத்தாழ 94 சதுர செ.மீ. ஓர் அஞ்சலட்டையின் பரப்பைவிடக் குறைவு.

திறப்பு ஒன்றின் வழியே காற்று பாயும்போது, வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப அழுத்தம் தேவைப்படுகிறது. வழி பாதியாகச் சுருங்கினால் அதே காற்றைத் தள்ள நான்கு மடங்கு அழுத்தம் வேண்டும். நொடிக்கு 57 லிட்டரை அந்த 94 சதுர செ.மீ. இடுக்கு வழியாக மட்டுமே தள்ள வேண்டுமானால் அறைக்குள் சுமார் 60 பாஸ்கல் அழுத்தம் எழ வேண்டும். நடைமுறையில் அவ்வளவு எழாது. அதற்கு முன்பே காற்று வேறு வழி தேடிக்கொள்ளும். ஜன்னல் சட்டத்தின் விளிம்பு, ஸ்விட்ச் பெட்டியின் ஓட்டை, உட்கூரை விளக்கைச் சுற்றியுள்ள இடைவெளி, சுவரும் தரையும் சேருமிடம் என்று கண்ட கண்ட இடத்தில் வெளியேறும். மறுபக்கம், டக்டிலிருந்து அறைக்கு வரும் காற்றும் குறையும். வீட்டு ஏசியின் விசிறி டக்ட், கிரில் எல்லாவற்றையும் வென்று தள்ளுவதற்காகத் தரும் அழுத்தமே வழக்கமாக 125 பாஸ்கல் அளவில்தான் இருக்கும். அதில் 15, 20 பாஸ்கலை அறையே எதிர்த்துத் தள்ளினால் அந்த அறைக்குப் போய்ச்சேரும் குளிர் குறைந்துவிடும். நள்ளிரவில் படுக்கையறை புழுங்குவதும், யாரும் இல்லாத கூடம் சில்லென்று இருப்பதும் இதனால்தான்.

பாஸ்கல் என்பது எவ்வளவு சிறிய அளவு என்பதையும் சொல்லிவிட வேண்டும். பிளேஸ் பாஸ்கல் 1648-ல் தன் மைத்துனர் ஃபுளோரான் பெரியேவிடம் பாதரசக் குழாயைக் கொடுத்து பிரான்ஸின் புய் த டோம் மலைமேல் ஏறச் சொன்னார். மேலே போகப்போகப் பாதரச மட்டம் இறங்கியது. உயரம் கூடினால் காற்றின் அழுத்தம் குறையும் என்பது அப்படித்தான் உறுதியானது. அவர் பெயரைத் தாங்கிய அலகில் சொன்னால், தரைமட்டத்துக்கு அருகே நாம் எட்டரை செ.மீ. உயர்ந்தால் அழுத்தம் 1 பாஸ்கல் குறைகிறது. கட்டிலில் படுத்திருப்பவர் தலையணையிலிருந்து ஒரு சாண் தலையைத் தூக்கினாலே 3 பாஸ்கலுக்குச் சற்றுக் குறைவான மாற்றம் நேர்ந்துவிடும். உடம்புக்கு அது தெரியவே தெரியாது. ஆனால் ஒரே மட்டத்தில், ஒரு கதவின் இந்தப் பக்கத்துக்கும் அந்தப் பக்கத்துக்கும் நடுவே அந்த 3 பாஸ்கல் இருந்தால் காற்று சும்மா இருக்காது. வீட்டின் ஒவ்வொரு விரிசலிலும் இரவு முழுக்க ஓடிக்கொண்டே இருக்கும்.

கதவுக்கு அது நன்றாகவே தெரியும். ஒன்றரை சதுர மீட்டர் பரப்புள்ள கதவின் மீது 3 பாஸ்கல் என்பது கிட்டத்தட்ட அரைக் கிலோ எடையின் விசை. 10 பாஸ்கல் என்றால் ஒன்றரைக் கிலோ. அமெரிக்க வீடுகளில் படுக்கையறைக் கதவு பெரும்பாலும் உள்பக்கமாகத் திறக்கும். அறைக்குள் அழுத்தம் கூடும்போது அது கதவை நிலையை நோக்கித் தள்ளுகிறது. ஏசி ஓடும்போது கதவை மெல்லச் சாத்திக்கொண்டே வாருங்கள். கடைசி ஓரிரு அங்குலத்தில் உங்கள் கையை விட்டு நழுவி அது தானே போய் அடைத்துக்கொண்டால், அந்த அறையின் காற்று திரும்பும் வழி போதவில்லை என்று அர்த்தம்.

இன்னொரு தடயத்தைத் தேடக் குனிய வேண்டும். வெளிர்நிறக் கார்ப்பெட் போட்ட வீட்டில், படுக்கையறைக் கதவு சாத்தியிருக்கும் இடத்துக்கு நேர்கீழே பாருங்கள். கதவின் அகலம் எவ்வளவோ அவ்வளவு நீளத்துக்குக் கரும்பழுப்பாக ஒரு கோடு ஓடும். சுவரோரத்திலும் அதே நிறத்தில் மெல்லிய கோடு தெரியும். மற்ற இடமெல்லாம் சுத்தமாக இருக்கும். வேக்குவம் போட்டாலும் போகாது, ஷாம்பு போட்டாலும் முழுதாகப் போகாது. காலடி அழுக்கு என்றால் அது நடக்கும் பாதையில் நீளவாக்கில் படிந்திருக்கும். இந்தக் கோடோ பாதைக்குக் குறுக்காக, கதவின் நிழல் விழுவதுபோல் நேராக இருக்கும். இரவுதோறும் அறையை விட்டு வெளியேறும் காற்று அந்த இடுக்கில் கார்ப்பெட் இழைகளின் ஊடாகப் பிழிந்துகொண்டு போகிறது. மெழுகுவர்த்திப் புகை, சமையல் புகை, வாகனப் புகை இவற்றின் நுண்துகள்கள் இழைகளில் தங்கிவிடுகின்றன. கார்ப்பெட் ஒரு காற்று ஃபில்டராகவே வேலை செய்திருக்கிறது. சுத்தம் செய்பவரைக் குறை சொல்வதை விட்டுவிட்டு, அந்தக் கோட்டை ஓர் அளவுகருவி காட்டும் எண்ணாகவே படிக்க வேண்டும் என்பது என் கருத்து.

படுக்கையறைக்குள் நடப்பது பாதிக் கதைதான். மீதி, கதவுக்கு வெளியே. மூன்று டன் ஏசி ஒன்று நிமிடத்துக்குச் சுமார் 1,200 கன அடி காற்றைச் சுழற்றும். வீட்டில் மூன்று படுக்கையறைகள் இருந்து, தலா 120 போனால், அந்த 360 கன அடியில் பெரும்பகுதி கதவுகளுக்குப் பின்னால் சிக்கிக்கொள்கிறது. நடைவழியில் இருக்கும் கிரில் அதற்காக இழுப்பதைக் குறைத்துக்கொள்வதில்லை. குறைகிற காற்றை எங்கிருந்தாவது ஈடுகட்டும். கூடத்திலும் சமையலறையிலும் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் கீழே இறங்கும். வாசற்கதவின் அடியில், கொதிக்கும் அட்டிக்கிலிருந்து, காரும் பெயின்ட் டப்பாக்களும் இருக்கும் கராஜிலிருந்து எல்லாம் காற்று உள்ளே வரும். படுக்கையறையில் குளிர்வித்த காற்று வெளியே கசிகிறது, அதே அளவு வெப்பக்காற்று கூடத்துக்குள் நுழைகிறது. வீட்டுக்காரர் இரண்டுக்கும் சேர்த்து மின்கட்டணம் கட்டுகிறார்.

இதை முறையாக அளந்தவர்களில் முக்கியமானவர்கள் ஃப்ளோரிடா சூரிய ஆற்றல் மையத்தின் ஆய்வாளர்கள். மத்திய ஃப்ளோரிடா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த இந்த மையத்தில் ஜேம்ஸ் கம்மிங்ஸும் சக ஆய்வாளர்களும் 1980-களின் இறுதியிலிருந்து உண்மையான வீடுகளுக்குள் சென்று அளந்தார்கள். வீட்டுக்குள் ஓர் அடையாள வாயுவைக் கலந்துவிட்டு, அது எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று பார்ப்பது அவர்கள் முறை. ஏசி நின்றிருக்கும்போது, ஓடும்போது, உட்கதவுகள் திறந்திருக்கும்போது, சாத்தியிருக்கும்போது என்று பிரித்துப் பார்த்ததில், உட்கதவுகளைச் சாத்துவதே வெளிக்காற்றின் நுழைவைக் கூட்டுகிறது என்பது தெரிந்தது. கதவைச் சாத்தினால் வீடு இறுக்கமாகும் என்பதுதான் நம் பொதுப்புத்தி. அளவுகள் அதற்கு நேர்மாறாக இருந்தன.

ஃப்ளோரிடாவில் இது வெறும் கட்டண விவகாரம் அல்ல. அங்கே கோடையில் வெளிக்காற்றின் பனிநிலை சாதாரணமாக 24 டிகிரி செல்சியஸைத் தொடும். அதாவது 24 டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும் எந்தப் பரப்பைத் தொட்டாலும் அந்தக் காற்று நீராக வியர்க்கும். ஏசி ஓடும் வீட்டின் உட்சுவர் அந்த நிலையில்தான் இருக்கிறது. கூடம் காற்றை இழுக்கும்போது அந்த ஈரக்காற்று சுவரின் உள்ளிடுக்கு வழியாகவும் வருகிறது. உட்பக்கம் வினைல் சுவர்த்தாள் ஒட்டியிருந்தால் ஈரம் தப்ப வழியில்லை. தாளின் பின்னால் நனைந்த ஜிப்சம் பலகை பூஞ்சணத்துக்கு நல்ல விளைநிலம். தாளைப் பிரிக்கும் நாள்வரை வெளியே எதுவும் தெரியாது.

குளிர்நாட்டில் ஆபத்து திசை மாறுகிறது. மினசோட்டாவின் ஜனவரியில், அதே டக்ட் சூடான காற்றைக் கொண்டுவரும்போது, அழுத்தம் கூடிய படுக்கையறையிலிருந்து மூச்சின் ஈரம் சேர்ந்த வெதுவெதுப்பான காற்று சுவருக்குள் தள்ளப்படுகிறது. 21 டிகிரியும் 40 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்று 7 டிகிரியிலேயே வியர்க்கத் தொடங்கும். சுவரின் வெளிப்பலகையோ உறைநிலைக்கு வெகு கீழே. அங்கே உறைபனியாகப் படிந்து, வசந்தத்தில் உருகி மரத்தை ஊறவைக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது கார்பன் மோனாக்சைடு. பழைய வகை கேஸ் வாட்டர் ஹீட்டர், அறைக்காற்றையே எடுத்து எரித்துப் புகையைப் புகைபோக்கி வழியே இயற்கையாக மேலே அனுப்புகிறது. புகைபோக்கி குளிர்ந்து கிடக்கும் முதல் நிமிடங்களில் அதன் இழுப்பு சில பாஸ்கல்தான். படுக்கையறைக் கதவுகளைச் சாத்தியதால் கூடத்தின் அழுத்தம் அதே அளவு இறங்கியிருந்தால் இழுபறியில் விசிறிதான் ஜெயிக்கும். புகை மேலே போவதற்குப் பதில் வீட்டுக்குள் இறங்கும். அப்படிப்பட்ட ஹீட்டர் உள்ள வீட்டில் திரும்பும் காற்றைச் சரிசெய்வது வசதிக்கான வேலை அல்ல, உயிர்காக்கும் வேலை.

இத்தனை தெரிந்த பிறகு விதிகள் வந்தன. 2002-ல் நடைமுறைக்கு வந்த ஃப்ளோரிடா கட்டட விதி, மூடிய கதவின் இருபுறமும் அழுத்த வித்தியாசம் 2.5 பாஸ்கலைத் தாண்டக்கூடாது என்றது. அமெரிக்க அரசின் எனர்ஜி ஸ்டார் வீட்டுச் சான்றிதழ் படுக்கையறைகளுக்கு 3 பாஸ்கல் என்று வரம்பு வைத்து, அதிகக் காற்று வாங்கும் அறைகளுக்கு மட்டும் 5 வரை விட்டுக்கொடுக்கிறது. நம் எடுத்துக்காட்டு அறையில் வித்தியாசம் 3 பாஸ்கலுக்குள் அடங்க வேண்டுமானால் வெளியேறும் வழி சுமார் 420 சதுர செ.மீ. இருக்க வேண்டும். கதவடி இடுக்கு தருவது 94. ஆகவே கதவின் அடியை இன்னும் கொஞ்சம் அறுத்தால் போதும் என்று கட்டுநர் சொன்னால் ஒப்புக்கொள்ளாதீர்கள். இடுக்கு மட்டுமே வேலையைச் செய்ய வேண்டுமானால் கதவு தரையிலிருந்து ஐந்தரை செ.மீ. தூக்கலாக நிற்க வேண்டும்.

இங்கே ஒரு குழப்பம் வருவதுண்டு. பிரிட்டனின் காற்றோட்ட விதி 760 மி.மீ. கதவின் அடியில் 10 மி.மீ. இடுக்கு விட்டால் போதும் என்கிறது. அது எப்படிப் போதுகிறது? அங்கே கணக்கில் எடுப்பது மூச்சுக்கான புதுக்காற்றை மட்டும். ஓர் அறைக்கு அது நொடிக்குச் சில லிட்டர்களே. அமெரிக்க டக்ட் அறையைக் குளிர்விக்கவோ சூடாக்கவோ அதைப்போலப் பல மடங்கு காற்றைக் கொண்டுவருகிறது. அளவைப் பார்க்காமல் ஒரு நாட்டின் இடுக்கை இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோக முடியாது.

சரியான தீர்வுகளில் முதலாவது ஒவ்வொரு படுக்கையறைக்கும் தனி ரிட்டர்ன் டக்ட். காற்று எந்தக் கதவையும் நம்பாமல் நேரே இயந்திரத்துக்குப் போய்விடும். கட்டும்போதே திட்டமிட்டால் இதைவிடச் சிறந்தது இல்லை, ஒரு நிபந்தனையோடு: டக்ட் வீட்டின் குளிரூட்டப்பட்ட பகுதிக்குள் ஓட வேண்டும். 50 டிகிரியைத் தாண்டும் அட்டிக்கில் ஓடும் ரிட்டர்ன் டக்டில் ஓர் இணைப்பு கசிந்தாலும் அது அட்டிக்கின் வெப்பத்தையும் தூசியையும் உறிஞ்சி எல்லா அறைக்கும் பரிமாறிவிடும். அட்டிக்கில் ஓட்டத்தான் இடமிருக்கிறது என்றால் நான் அடுத்த வழியையே தேர்வேன்.

அந்த வழி, படுக்கையறையையும் நடைவழியையும் இணைக்கும் ஒரு திறப்பு. அமெரிக்க மரச்சட்டச் சுவரில் இரண்டு சட்டங்களுக்கு நடுவே சுமார் 37 செ.மீ. அகலமும் 9 செ.மீ. ஆழமும் உள்ள வெற்றிடம் இருக்கும். அதன் ஒருபக்கம் மேலே ஒரு கிரிலும் மறுபக்கம் கீழே ஒரு கிரிலும் பதித்தால் காற்று சுவருக்குள் இறங்கி மறுபக்கம் வெளிவரும். நேர்ப்பார்வை இல்லாததால் வெளிச்சமும் பேச்சும் குறைவாகவே கடக்கும். இதற்கு டிரான்ஸ்ஃபர் கிரில் என்று பெயர். வெற்றிடத்தின் பரப்பு சுமார் 330 சதுர செ.மீ.; கதவிடுக்கின் 94-ஐக் கூட்டினால் நமக்கு வேண்டிய 420 கிடைத்துவிடுகிறது என்று தோன்றும். காகிதத்தில் கிடைக்கிறது. கிரிலின் தகடுகள் கணிசமான பரப்பை அடைத்துக்கொள்ளும், காற்று இரண்டு முறை திரும்பவும் வேண்டும். ஆகவே கிரிலை வெளியளவால் கணக்கிடாமல் திறந்த பரப்பால் கணக்கிட வேண்டும். நம் அறைக்கு அப்படிப்பட்ட இரண்டு வெற்றிடங்கள் இருந்தால்தான் நிம்மதி. சுவரின் வெற்றிடத்தை மேலும் கீழும் அடைத்து ஓட்டைகளைப் பூசி மூடாவிட்டால் அது அட்டிக்கின் காற்றையும் சேர்த்து இழுக்கும். இந்தக் கடைசி வேலையைத்தான் அவசரத்தில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஜம்ப் டக்ட் என்பது இதே யோசனையை உட்கூரை வழியாகச் செய்வது. படுக்கையறை உட்கூரையில் ஒரு கிரில், நடைவழி உட்கூரையில் இன்னொன்று, இரண்டையும் இணைக்க 10 அல்லது 12 அங்குல வளைகுழாய். ஒலியை உறிஞ்சும் உறை போட்ட குழாயாக இருந்தால் பேச்சு கேட்காது. குழாய் தொய்வில்லாமல் இழுத்துக் கட்டப்பட வேண்டும். சுருங்கித் தொங்கும் வளைகுழாய் பாதி மூடியதற்குச் சமம்.

செய்யக்கூடாத ஒன்றும் உண்டு. அறை புழுங்குகிறது என்ற புகாருக்குச் சிலர் அந்த அறைக்குக் காற்று வரும் டக்டைப் பெரிதாக்குகிறார்கள், சிலர் ஏசியையே பெரிதாக மாற்றுகிறார்கள். வெளியேற வழியில்லாத அறைக்குள் இன்னும் காற்றைத் திணித்தால் அழுத்தம் இன்னும் ஏறும். கூடத்தின் பற்றாக்குறையும் கசிவும் கூடும்.

கதவைத் திறந்து வைத்துத் தூங்கினால் எல்லாம் தீர்ந்ததே என்று கேட்கலாம். காற்றைப் பொறுத்தவரை தீரும். கதவை ஒரு விரல் தடிமன் திறந்தாலே நம் எடுத்துக்காட்டு அறையில் அழுத்தம் வரம்புக்குள் இறங்கிவிடும். ஆனால் அமெரிக்கத் தீப்பாதுகாப்பு ஆய்வாளர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருவது, இரவில் படுக்கையறைக் கதவைச் சாத்திவிட்டுத் தூங்குங்கள் என்றுதான். தீயின்போது மூடிய கதவு வெப்பத்தையும் நச்சுப்புகையையும் வெகுநேரம் தடுத்து நிறுத்துவதைச் சோதனைத் தீக்களில் அவர்கள் காட்டியிருக்கிறார்கள். அந்த அறிவுரையை நான் முழுமையாக ஏற்கிறேன். அதனால்தான் திறப்பு சுவரில் இருக்கட்டும், கதவு மூடியே இருக்கட்டும் என்கிறேன். புகை முதலில் உட்கூரையருகே திரளும் என்பதால், நடைவழிப் பக்கக் கிரிலைத் தாழவும் படுக்கையறைப் பக்கக் கிரிலை உயரவும் வைப்பது நல்லது. ஒவ்வொரு படுக்கையறைக்குள்ளும் புகை எச்சரிக்கைக் கருவி இருந்தாக வேண்டும்.

ஹூஸ்டனிலும் டாலஸிலும் டாம்பாவிலும் புது வீடு வாங்கும் தமிழ்க் குடும்பங்கள் இன்று ஏராளம். கிரானைட் மேடையையும் பூஜையறையின் திசையையும் கட்டுநரிடம் விவரமாகப் பேசுகிறவர்கள் இன்னொரு கேள்வியையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: கதவு சாத்தியிருக்கும்போது இந்தப் படுக்கையறையின் காற்று எந்த வழியாகத் திரும்பும்? ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகப் பதில் வாங்குங்கள். வீட்டைக் கையில் வாங்கும் முன் எல்லா உட்கதவுகளையும் சாத்தி, ஏசியை முழு வேகத்தில் ஓடவிட்டு, கதவடியில், அழுத்தத்தை அளக்கும் மனோமீட்டரின் குழாயை நுழைத்து அளந்து காட்டச் சொல்லுங்கள். 3 பாஸ்கலுக்குள் இருக்க வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதி வாங்குங்கள். சுவரில் ஜிப்சம் பலகை ஏறுவதற்கு முன்பே இதைக் கேட்டுவிட்டால் தேவைப்படுவது சில கிரில்களும் கொஞ்சம் தச்சு வேலையும்தான்.